ஒரு சிறு கல்லூரி அணியின் பருவத்தை எழுதுவது எப்படி? 1951 சான் பிரான்சிஸ்கோ அணியை முன்வைத்து

அமெரிக்கக் கால்பந்து (நாம் அறிந்த கால்பந்து அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆடும் கல்லூரி அணி ஒன்றின் பழைய பருவத்தைப் பற்றித் தமிழில் எழுத முனைபவர்கள், பெரும்பாலும் அதன் பெயர்போன முடிவிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கும்போது அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பது கட்டுரையில் இடம்பெறாமலே போய்விடுகிறது. ஆகவே ஆட்ட அட்டவணையிலிருந்து தொடங்குங்கள் என்பதையே முதலில் சொல்வேன். எடுத்துக்காட்டாக, 1951-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியைப் பார்ப்போம். இயேசு சபையினர் நடத்தும் அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் அணி, ஜோ குஹாரிச்சின் பயிற்சியில் அந்தப் பருவத்தின் 9 ஆட்டங்களிலும் வென்றது. பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் முதல்நிலைக் கால்பந்தைக் கைவிட்டது.

நாள், எதிரணி, இடம், புள்ளிகள் என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றை முதலில் வரைந்துகொள்ளுங்கள். அக்காலப் பருவம் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடியும். ஏறத்தாழ வாரத்துக்கு ஓர் ஆட்டம். நான்கில் எதிரணிப் பத்தியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த அணியின் அட்டவணையில் சான் ஹோசே ஸ்டேட் இருமுறை வருகிறது. கேம்ப் பெண்டில்டன் கடற்படைக் காலாட்படை முகாமும் சான் டியேகோ கடற்படை அணியும் வருகின்றன. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் நல்ல ஆட்டக்காரர் பலர் படையில் இருந்ததால், முகாம்களின் அணிகள் கல்லூரிகளோடு மோதுவது வழக்கமாக இருந்தது. இவர்களைத் தவிர ஐடஹோ, நியூயார்க்கின் ஃபோர்டாம், சான்டா கிளாரா, பசிபிக், லயோலா ஆகியவை உண்டு. அண்டையிலேயே இருந்த ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அந்த ஆண்டு இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருந்த பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பில் இந்த அணிக்கு இடமில்லை என்பதையும், கிடைத்த எதிரணிகளைக் கொண்டே பருவத்தை நிரப்ப வேண்டியிருந்தது என்பதையும் அந்த ஒரு பத்தியே சொல்லிவிடுகிறது. எல்லா ஆட்டங்களிலும் வென்றும் எந்த பவுல் ஆட்டத்துக்கும் (பருவ முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்) இந்த அணி அழைக்கப்படாததற்கு ஒரு பாதி விளக்கம் இங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்தது புள்ளிகள். டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) 6, அதன் பின் உதைக்கு 1, களக் கோலுக்கு (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைப்பது) 3, சேஃப்டிக்கு (பந்து வைத்திருப்பவரை அவரது சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே மடக்குவது) 2 என்ற கணக்கை வைத்துப் பழைய முடிவுகளைப் படிக்கலாம். டச்டவுனுக்குப் பின் 2 புள்ளி எடுக்கும் வாய்ப்பு 1958-இல்தான் கல்லூரி விதிகளில் நுழைந்தது. எனவே 1951-இன் முடிவுகளை அந்தக் கணக்கில் பிரிக்கக் கூடாது. லயோலாவை 20–2 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணியின் 2 ஒரு சேஃப்டியால் வந்தது என்று உறுதியாக எழுதலாம். ஆனால் 20 என்பது மூன்று டச்டவுன்களும் இரண்டு உதைகளுமாக இருக்கலாம். இரண்டு டச்டவுன்கள், இரண்டு உதைகள், இரண்டு களக் கோல்களாகவும் இருக்கலாம். இறுதி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் போக்கைக் கற்பனை செய்துவிடாதீர்கள். கூடுதல் நேரம் என்ற ஏற்பாடு இல்லாத காலம் என்பதால் சமனான ஆட்டம் சமனாகவே முடியும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், 9 வெற்றிகளின் அருமை வாசகருக்கு விளங்கும்.

செய்தித்தாள்களில் ஆட்டம் நடந்த நாளும் செய்தி வெளியான நாளும் வேறு. சனிக்கிழமை ஆட்டத்தின் விவரம் ஞாயிற்றுக்கிழமைத் தாளில்தான் இருக்கும். உள்ளூர்ச் செய்தித்தாளோடு எதிரணி ஊரின் செய்தித்தாளையும், ஃபாக்ஹார்ன் என்ற அந்தப் பல்கலைக்கழக மாணவர் இதழையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. பருவத்தின் மொத்தப் புள்ளிகளை எவரேனும் தந்திருந்தால், ஒவ்வோர் ஆட்டத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் ஏதோ ஓர் ஆட்டத்தின் முடிவு பிழை; அதைக் கண்டுபிடிக்கும்வரை மொத்தத்தை எழுத வேண்டாம். கல்லூரியின் விளம்பர அலுவலகக் குறிப்புகள் வேறு வகையானவை. 1951-இல் இந்த அணியின் செய்திப் பொறுப்பில் இருந்தவர் 25 வயதான பீட் ரோசல். 1960 முதல் 1989 வரை தேசியக் கால்பந்துக் கழகமான என்.எஃப்.எல்.லின் ஆணையராக இருந்த அதே ரோசல். அணியை உயர்த்திக் காட்டுவதே அவர் வேலை, அதை அவர் திறமையாகச் செய்தார். அத்தகைய குறிப்புகளிலிருந்து எண்களை எடுங்கள், அடைமொழிகளை விட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது பெயர்களே அதிகம் சிரமம் தருகின்றன. இந்த அணியின் செல்லப்பெயர் ஸ்பானிய மரியாதைச் சொல்லான ‘டான்’ என்பதன் பன்மை. ‘டான்ஸ்’ என்று எழுதினால் நடனம் என்று படிப்பார்கள். ‘டான்கள்’ என்றால் பொருளே மாறிவிடும். ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு ‘சான் பிரான்சிஸ்கோ அணி’ என்றே எழுதுவது தெளிவாக இருக்கும். இந்த அணியின் ஆட்டக்காரர் ஜீனோ மார்கெட்டியின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மார்ச்செட்டி’ என்று எழுதிவிடுகிறார்கள், ஒலிப்பு ‘மார்கெட்டி’தான். யார்டைக் கெஜம் என்று தயங்காமல் எழுதலாம், இரண்டும் மூன்றடிதான். பவுல் ஆட்டத்தைக் ‘கிண்ணப் போட்டி’ என்று ஆக்குவதை மட்டும் நான் ஏற்பதில்லை. அங்கே பவுல் என்பது வெல்லும் கோப்பையைக் குறிப்பதன்று, அரங்கின் குழிந்த வடிவத்திலிருந்து வந்த பெயர்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பத்தி என்று அளந்து எழுதத் தேவையில்லை. ஃபோர்டாமோடு நடந்த ஆட்டத்துக்கு நிறைய இடம் கொடுங்கள். சான் பிரான்சிஸ்கோ 32–26 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அதன் ஆட்டக்காரர் ஒல்லி மேட்சன் இரண்டு முறை எதிரணி உதைத்த கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பந்தைப் பிடித்துக்கொண்டு, களத்தின் நீளம் ஏறத்தாழ முழுவதும் ஓடி டச்டவுன் எடுத்தார். மேற்குக் கரையின் அறியப்படாத அணி ஒன்று நியூயார்க் செய்தியாளர்களின் கண்முன் ஆடியது அங்கேதான். அந்தப் பருவத்தில் மேட்சன் 1,566 கெஜம் ஓடி, 21 டச்டவுன்கள் எடுத்து, நாட்டிலேயே முதலிடம் பெற்றார். ஆனாலும் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது 9-ஆம் இடம். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வையுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

இனி பவுல் அழைப்பு. இங்குதான் மிகுந்த கவனம் தேவை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நாடளாவிய தரவரிசையில் 14-ஆம் இடத்தில் பருவத்தை முடித்த இந்த அணியை எந்த பவுல் ஆட்டமும் அழைக்கவில்லை. சொந்த மாநிலத்தின் ரோஸ் பவுல் ஆட்டம், 1947 முதல் பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்புக்கும் பிக் டென் கூட்டமைப்புக்குமே ஒதுக்கப்பட்டிருந்ததால், அந்தக் கதவு தொடக்கத்திலேயே அடைத்திருந்தது. எஞ்சிய பெரிய பவுல்களான ஆரஞ்சு, சுகர், காட்டன், கேட்டர் ஆகிய நான்கும் இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென்மாநிலங்களில் நடந்தன. அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள் இருந்தார்கள்: மேட்சனும் பர்ல் டோலரும். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று சொல்லப்பட்டதாகவும், அணி ஒரே குரலில் மறுத்ததாகவும் அணியினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அன்று வெளிப்படையாகப் பேசப்பட்ட காரணம், எதிரணிகள் வலுவற்றவை என்பது. அன்று அச்சானதையும் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல், இன்னார் எப்போது சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். ஆட்டக்காரர்களின் நினைவைக் குறைத்து மதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் கைவிட்டது பணமும் புகழும் தரக்கூடிய வாய்ப்பு. அந்த மறுப்பை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாதபடி பதிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு கண்டிப்பு.

பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டதன் பின்னிருந்த பணச் சிக்கலைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். அணியின் சொந்த ஊர் ஆட்டங்கள் நடந்த கெசார் அரங்கில் அன்று சுமார் 60,000 பேர் அமர முடிந்தது. சிறு கல்லூரியால் அதை நிரப்ப முடியவில்லை. அதே அரங்கில் 1946 முதல் ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணியும் ஆடிவந்தது. மேற்குக் கரையின் கத்தோலிக்கக் கல்லூரிகளில் செயின்ட் மேரிஸ் 1950 பருவத்துக்குப் பின்னும், லயோலா 1951-க்குப் பின்னும், சான்டா கிளாரா 1952-க்குப் பின்னும் கால்பந்தை நிறுத்தின. இந்த வரிசையில் வைத்துக் காட்டினால், சான் பிரான்சிஸ்கோவின் முடிவு தனித்த ஒன்றாகத் தோன்றாது.

ஆட்டக்காரர்களின் பிற்கால வாழ்வுக்கு ஒரு சிறு பகுதி கொடுக்கலாம். மேட்சன், மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகிய மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்கள். மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி இரண்டு பதக்கங்கள் பெற்றார். முழங்கால் காயத்தால் தொழில்முறை ஆட்டத்தை இழந்த டோலர், 1965-இல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவரானார்.

கட்டுரையை வெளியிடுமுன் அட்டவணையின் கடைசி வரியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். நவம்பர் 24 அன்று லயோலாவோடு நடந்த இறுதி ஆட்டத்தின் இடம் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கு. அதை ‘ரோஸ் பவுல்’ என்று மட்டும் எழுதினால், அழைக்கப்படாத அணி புத்தாண்டு பவுல் ஆட்டத்தில் ஆடியதாக வாசகர் எண்ணிவிடுவார். ‘ரோஸ் பவுல் அரங்கு, பாசடீனா’ என்று முழுமையாக எழுதுங்கள்.