சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரும் பிள்ளை

குழந்தைகள் இல்லத்தில் (காப்பகத்தில்) வளரும் ஒரு பிள்ளையை வார இறுதியில் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்கி வைக்கணும்?" என்றுதான். ஒன்றும் வாங்க வேண்டாம். காலண்டரை எடுத்து வரப்போகும் ஒரு வருடத்தைப் புரட்டுங்கள். மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறுகளை அந்தப் பிள்ளைக்கென்றே ஒதுக்க முடியுமா? கல்யாணம், பயணம், அலுவலக வேலை, உங்கள் மகனின் பரீட்சை எது வந்தாலும் அந்த இரண்டும் நகராமல் நிற்குமா? இரண்டு முடியாது, ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்றே போதும். அந்த ஒன்று தவறக் கூடாது.

இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வராமல் இல்லை. நிறையப் பேர் வருகிறார்கள். பிறந்தநாளுக்கு வந்து கேக் வெட்டுகிறார்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுக்கிறார்கள், "மறுபடி வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வருவதில்லை. பார்த்துக்கொள்ளும் அக்காவும் ஷிஃப்ட் மாறுவார், வேலையை விட்டுப் போவார். பத்து வயதுக்குள் இப்படி வந்துபோனவர்களின் நீண்ட வரிசையைப் பார்த்துவிட்ட பிள்ளையிடம்தான் நீங்கள் போய் நிற்கப்போகிறீர்கள். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பதைவிடப் பெரிய பரிசு எதையும் உங்களால் கொடுக்க முடியாது. இது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அது முழுநேரக் குடும்பம். மாதத்துக்கு நாலு நாள் அதைச் செய்யாது. நாலு நாளால் ஆவது வேறு. தன்னைப் பெயர் சொல்லித் தேடிவரும் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைக்கு வெளியில் கிடைக்கிறார். ஒரு வீடு எப்படி நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கிறது.

அதனால் கைக்குழந்தைகளுக்கும் தவழும் பிள்ளைகளுக்கும் இந்த ஏற்பாடு வேண்டாம். மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குக் குடும்பப் பராமரிப்புதான் தேவை என்று ஐ.நா.வின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அந்த வயதில் சனிக்கிழமை தூக்கிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை திருப்பி விட்டால், என்ன நடக்கிறது என்று குழந்தைக்குப் புரியாது. "இன்னும் இரண்டு வாரம்" என்றால் என்ன என்று தெரிகிற ஏழெட்டு வயதுக்கு மேல்தான் இது சரிப்படும் என்பது என் கருத்து.

தத்தெடுக்கும் எண்ணம் இருப்பவர்கள் அதற்குரிய வழியில் நேராகப் போய்ப் பதிவு செய்யுங்கள். "கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று இந்த வாசல் வழியாக வராதீர்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமை, நோய், குடும்பப் பிரிவு, சிறை என்று ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளை இல்லத்தில் இருக்கிறது. பெற்றோரோடு தொடர்பில் இருக்கும் உரிமையை ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. அம்மா வந்து பார்க்கும் நாளும் உங்கள் வார இறுதியும் மோதினால், விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

காகித வேலை

இதில் குறுக்கு வழி கிடையாது. இல்லத்தின் பொறுப்பாளர் தெரிந்தவர் என்பதற்காக வாய்வார்த்தையில் அழைத்துவருவது குற்றமாகவே ஆகலாம். குழந்தை நல அதிகாரிகளின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வீட்டில் தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கும். வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வருவார், உங்கள் கல்யாண வாழ்க்கை, கோபம், குடிப்பழக்கம் பற்றியெல்லாம் கேட்பார். முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். இவ்வளவு கேட்காமல் ஓர் இல்லம் பிள்ளையை அனுப்பத் தயாராக இருந்தால், அந்த இல்லத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். உங்களிடம் கேட்காதவர்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: அனுமதிக் கடிதத்தின் நகல், அவசரத்துக்கு மருத்துவமனையில் சேர்க்க அதிகாரம் தரும் கடிதம், ஒவ்வாமை பற்றியும் மருந்துகள் பற்றியும் எழுதிய குறிப்பு, நள்ளிரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது அதே இல்லத்தில் இருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஒருவரை மட்டும் அழைத்துப்போனால் மற்றவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இருவரையும் வைத்துக்கொள்ள முடியாது என்றால் வேறொரு பிள்ளையைப் பற்றிப் பேசுவது நல்லது.

அப்புறம், பிள்ளையிடம் கேட்டார்களா? அதே குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய முடிவில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. முதலில் இல்லத்திலேயே போய்ச் சந்தியுங்கள். அடுத்து ஒரு பகல் மட்டும் வெளியே, அதன் பிறகு ஒரு பகல் உங்கள் வீட்டில். இரவுத் தங்கல் எல்லாவற்றுக்கும் கடைசி. "வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் அது வேண்டாம்தான்.

முதல் இரவு

வந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். அலமாரியில் உள்ள பொம்மைகள் காத்திருக்கட்டும். கழிவறை எங்கே, தாழ்ப்பாள் எப்படிப் போடுவது, ராத்திரி எந்த ஸ்விட்ச், நீங்கள் எந்த அறையில் தூங்குவீர்கள், பயமாக இருந்தால் என்ன செய்வது, இதெல்லாம்தான் அந்தப் பிள்ளைக்கு உடனே தெரிய வேண்டியவை. மெத்தையின் மேல் ஒரு ரப்பர் ஷீட் விரித்து வைத்து, மாற்றுப் போர்வை இருக்கும் இடத்தைப் போகிறபோக்கில் காட்டிவிடுங்கள். காலையில் போர்வை நனைந்திருந்தால் அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தனி அறை கொடுப்பது பெரிய சலுகை என்று நமக்குத் தோன்றும். வரிசையாகப் பலர் படுக்கும் கூடத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அந்த அமைதியே பயம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பையன், நாங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிற வரைக்கும்தான் கண்ணை மூடுவான். சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். பாத்திரம் கழுவுவதை அவன் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்தோம், கதவைத் திறந்தே வைத்தோம். சில மாதங்களில் அது தேவைப்படாமல் போனது.

சாப்பாட்டு விஷயத்தில் பொறுமை வேண்டும். சில பிள்ளைகள் தட்டு நிறைய வாங்கி வாந்தி எடுக்கும்வரை சாப்பிடுவார்கள். சிலர் பிஸ்கட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பார்கள். திருட்டு என்று நினைக்காதீர்கள். அடுத்த வேளை நிச்சயமில்லை என்று உடம்பு ஒருகாலத்தில் கற்றுக்கொண்டது அது. மூடி போட்ட ஒரு டப்பாவைக் கட்டிலருகே வைத்து, "இது உன்னோடது, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று சொல்லுங்கள். காலியானால் நிரப்புங்கள். ஏன் காலியானது என்று கேட்க வேண்டாம்.

நான் கவனித்த இன்னொன்று. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஓய்வு நேரம் என்றால் என்ன செய்வதென்று தெரியாது. ஒரு சிறுமி தண்ணீர் குடிக்கக்கூட ஒவ்வொரு முறையும் என்னைத் தேடிவந்து, "ஆன்ட்டி, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்பாள். "கேட்காதே" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு நீல டம்ளரை அவளுக்கென்று கொடுத்து, குடத்துக்குப் பக்கத்தில் அதற்கொரு இடம் ஒதுக்கினோம். கேட்பது தானாகக் குறைந்தது. "உனக்கு என்ன வேணும்?" என்ற கேள்வியும் இவர்களைத் திகைக்க வைக்கும். இரண்டைக் காட்டி, "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள்.

பகலில் வெளியே சுற்றிக் காட்டும் ஆர்வத்தை அடக்குங்கள். எப்போதும் நீங்கள் செய்வதையே செய்யுங்கள். துணி மடிப்பது, சந்தைக்குப் போவது, சைக்கிளுக்குக் காற்றடிப்பது, மின்கட்டண ரசீதைப் பார்த்துக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது. இரண்டு பெரியவர்கள் வாக்குவாதம் செய்துவிட்டு, அடிதடி இல்லாமல், மாலையில் சேர்ந்து காபி குடிப்பதைப் பார்ப்பதே சில பிள்ளைகளுக்குப் புதிய விஷயம். நாள் முழுக்கக் கொண்டாட்டமாக வைத்தால் வீடு என்றால் திருவிழா என்றுதான் பதியும்.

முதல் நாளே வந்து கட்டிக்கொண்டு, "நான் இங்கேயே இருந்துடட்டுமா?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் மனம் உருகிவிடும். லண்டன் காப்பகங்களில் வளர்ந்த பிள்ளைகளை 1970-களில் ஆராய்ந்த பார்பரா டிசார்ட், அறிமுகமில்லாதவர்களிடமும் ஒட்டிக்கொள்ளும் இந்த இயல்பைப் பதிவு செய்திருக்கிறார். கவனிக்க ஆள் போதாத இடத்தில் கிடைத்த ஆளைப் பிடித்துக்கொள்ளும் வழி அது. அன்பாகவே, ஆனால் உண்மையாகப் பதில் சொல்லுங்கள்: "இல்லை கண்ணா, நாளைக்குச் சாயங்காலம் திரும்பப் போகணும். அடுத்த முறை எப்போ வர்றன்னு காலண்டர்ல பார்ப்போமா?" அதே காரணத்துக்காகத்தான் "அம்மா என்று கூப்பிடு" என்று சொல்லக் கூடாது. அந்த இடம் ஒருவருக்கு ஏற்கெனவே உரியது. அத்தை, மாமா, ஆன்ட்டி, பெயர், எது பிள்ளைக்கு வசதியோ அது.

பக்கத்து வீட்டார் கேட்பார்கள், "யார் இந்தப் பொண்ணு?" என்று. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடமே முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்டுக்கு வந்திருக்கா" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியத் தேவையில்லை. படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள், முகத்தை மறைத்தும் போடாதீர்கள்.

பிள்ளை தானாகவே பழைய கதை ஏதாவது சொல்லலாம், பெரும்பாலும் விளக்கணைத்த பிறகு. கேளுங்கள், துருவாதீர்கள். யாரோ அடித்தார்கள், தொட்டார்கள் என்று சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட நான் சொல்லியாகணும்" என்பதே சரியான பதில். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள். குற்றச்சாட்டு இல்லத்தில் இருப்பவர் மேல் என்றால் இல்லத்திடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அதிகாரியிடம் போங்கள். அவர் சொல்லும்வரை பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஞாயிறு மதியம்

இருப்பதிலேயே கடினமான நேரம் இது. காலையில் நன்றாக விளையாடிய பிள்ளை மதியத்துக்குமேல் பொம்மையை உடைக்கும், உங்கள் மகனைக் கிள்ளும், "உங்க வீடே நல்லா இல்ல" என்று கத்தும். அழுதுகொண்டு போவதைவிடக் கோபத்தோடு போவது அதற்குச் சுலபம். அந்த நேரத்தில் எந்தப் பெரியவர் வாயிலிருந்தும் வரக் கூடாத வாக்கியம், "இப்படிப் பண்ணினா அடுத்த தடவை கூட்டிட்டு வர மாட்டேன்." திரும்ப வருவதை ஒருநாளும் தண்டனையாக்காதீர்கள். உடைந்ததைச் சேர்ந்து பெருக்கச் சொல்லுங்கள், கிள்ளியதற்கு வருத்தம் சொல்லச் சொல்லுங்கள். அதோடு முடிந்தது.

கிளம்பும் நேரத்தைச் சனிக்கிழமை இரவே சொல்லிவிடுங்கள். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். டம்ளர், பல் துலக்கும் பிரஷ், போர்வை இவை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த முறை வரும்போது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லத்துக்கு விலையுயர்ந்த பொருள் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். மற்ற பிள்ளைகளின் பொறாமையை அந்தச் சின்ன ஆள்தான் ராத்திரி முழுக்கச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஒரு சிறிய காலண்டரில் அடுத்த தேதியை வட்டமிட்டுக் கொடுங்கள். "சீக்கிரம் வருவோம்" என்று சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். வாசலில் நீட்டிமுழக்காமல் விடைபெறுங்கள்.

உங்களுக்குக் காய்ச்சல், போகவே முடியாது என்ற நிலை வரும். காப்பாளரிடம் சொல்லி அனுப்பாமல் பிள்ளையிடமே தொலைபேசியில் பேசுங்கள். காரணத்தையும் மாற்றுத் தேதியையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

ஒருநாள் இது முடியும். பிள்ளை சொந்தக் குடும்பத்துக்கே திரும்பினால் அதைவிட நல்ல முடிவு இல்லை. உங்கள் துக்கத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல், அதன் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, தொடர்பு வைத்துக்கொள்ளலாமா என்று அந்தக் குடும்பத்தைக் கேட்கும்படி சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். நீங்களே நிறுத்த வேண்டி வந்தால் குறைந்தது இரண்டு வார இறுதிகளுக்கு முன்பே சொல்லி, கடைசி முறை என்று தெரிந்தே அந்த நாட்களைக் கழியுங்கள். வளர்ந்து 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குத்தான் வீட்டு ஆட்கள் அதிகம் தேவை. வாடகை ஒப்பந்தத்தை யாரிடம் காட்டிப் படிப்பது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அந்த வயதில் திண்டாடுவார்கள். உங்கள் எண்ணையும் முகவரியையும் தாளில் எழுதிக் கொடுங்கள், எண் மாறினால் நீங்களாகவே அழைத்துப் புது எண்ணைச் சொல்லுங்கள்.