பாடத்தை இறக்கிவிட்டு நெட்டை அணைத்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் சுவர் அவ்வளவு கனம். வீட்டின் உள்கட்டான வளவுக்குள் போனால் சிக்னல் குறைந்துவிடும். அதனால் ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகள் போனோடு முகப்புத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பாடம் போய் ரீல்ஸ் ஓடும்.

திண்ணையில் சிக்னல் இருக்கும்போதே அன்றைய பாடத்தை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் அரசுப் பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கும்; தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வி டிவி பாடங்கள் யூடியூபிலும் உண்டு. இறக்கியதும் ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு வளவுக்குள் போய் உட்காரட்டும். சிக்னல் இல்லாத இடம் படிப்புக்கு ரொம்பவே நல்லது.

முக்கியமானது பார்க்கிற விதம். கணக்கு என்றால், ஆசிரியர் விடையைப் போடுவதற்கு முன்னாலேயே வீடியோவை நிறுத்தி, நோட்டில் தானே போட்டுப் பார்க்க வேண்டும். அறிவியல் என்றால் ஒரு பகுதி முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். எழுத உட்கார்ந்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஆச்சியோ அப்பத்தாவோ பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கே சொல்லிக் காட்டலாம், சரியா?

வருகிற சந்தேகங்களை நோட்டு ஓரத்தில் குறித்து வைத்து, கடைசியில் மொத்தமாக நெட்டில் தேடிக்கொள்ளட்டும்.