பெப்பர் ஸ்ப்ரே நாளைக் கடப்பது எப்படி: போலீஸ் அகாடமியில் சேர்பவர்களுக்கு

அமெரிக்காவில் போலீஸ் அகாடமியில் சேர்ந்த ஒருவர் கால அட்டவணையைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது துப்பாக்கிப் பயிற்சி எந்த வாரம் என்பதை. அடுத்துத் தேடுவது 'ஓ.சி.' எந்த நாள் என்பதை. ஓலியோரெசின் கேப்சிகம் என்னும் மிளகாய்ச் சாற்றின் சுருக்கப் பெயர்தான் ஓ.சி. நம் பேச்சில் ஓசி என்றால் காசு கொடுக்காமல் கிடைப்பது, இந்த ஓ.சி.யும் காசில்லாமல்தான் கிடைக்கிறது, ஆனால் வாங்கிக்கொள்ள யாரும் முந்துவதில்லை. பெப்பர் ஸ்ப்ரே குப்பியை இடுப்பில் செருகிக்கொள்வதற்கு முன் அதை ஒருமுறை தம் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பல அகாடமிகளில் விதி. சில துறைகள் இதைக் கட்டாயமாக்குவதில்லை. நான் பயிற்சி பெற்ற இடத்தில் கட்டாயம்.

அந்த நாளுக்கு முந்தைய வாரம் முழுவதும் எங்கள் வகுப்பில் நடந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: எதைத் தடவினால் எரிச்சல் போகும்? பால், தயிர், அமில நீக்கி மருந்து, குழந்தைகளுக்கான ஷாம்பு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அந்த வாரத்தை வேறு வகையில் செலவழித்திருக்கலாம் என்பதே இப்போது என் கருத்து. எரிச்சலைத் தீர்க்கும் திரவம் எதுவும் இல்லை. கண்ணைத் திறக்கவும் மூச்சை நிதானப்படுத்தவும் பழகிக்கொள்வதும், கழுவும்போதும் வீடு திரும்பும்போதும் தவறு செய்யாமல் இருப்பதும்தான் நம் கையில் உள்ளவை.

எரிவது ஏன்

தமிழ்ச் செய்திகளில் இதை மிளகுத்தூள் என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இது தூளும் அன்று, மிளகும் அன்று. மிளகின் காரம் பைபரின் என்ற பொருளால் வருவது. குப்பிக்குள் இருப்பது மிளகாயின் கேப்சைசின். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் நம்மிடம் வந்தபோது நாம் அதற்கு மிளகின் பெயரையே ஒட்டவைத்தோம். ஆங்கிலத்திலும் அதே கதைதான் நடந்தது.

வற்றல் மிளகாயைத் தாளிக்கும்போது தொண்டை கமறுவதும், பச்சை மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தொட்டுவிட்டுத் துடிப்பதும் நமக்குத் தெரிந்த அனுபவங்கள். இரண்டும் ஒரே நேரத்தில், பல மடங்காக, முகம் முழுவதும் நிகழ்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கென்று நம் நரம்புகளில் இருக்கும் வாயிலைத்தான் கேப்சைசினும் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் கண்டறிந்த, இன்று டி.ஆர்.பி.வி.1 எனப்படும் அந்த வாயிலை, அதாவது ஏற்பியை, உள்ளடக்கிய ஆய்வுகளுக்காகவே அவர் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பயிற்சியில் இருப்பவருக்கு இதிலிருந்து தெரியவேண்டியது, தோல் உண்மையில் வெந்துபோகவில்லை, வேகிறது என்று நரம்பு பொய் சொல்கிறது என்பது. அதே வாயிலை வெந்நீரும் வெயிலும் திறக்கும் என்பதால் சூடு பட்டால் வலி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். இன்னொன்று, கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. ஆகையால் தண்ணீர் அதைக் கரைப்பதில்லை, அடித்துக்கொண்டு போகத்தான் செய்கிறது. அதற்கு நிறையத் தண்ணீரும் நேரமும் வேண்டும்.

கண்ணின் கடும் எரிச்சலும் இருமலும் பெரும்பாலோருக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் தணியத் தொடங்கும். தோலின் காந்தல் சில மணி நேரம் நீடிக்கும்.

முந்தைய நாளும் அன்று காலையும்

ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தாலும், அண்மையில் கண் அறுவை செய்திருந்தாலும், கருவுற்றிருந்தாலும் பயிற்றுநரிடமும் மருத்துவ உதவியாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதை மறைப்பது வீரம் ஆகாது. இன்ஹேலர் பயன்படுத்துபவர் அதை எட்டும் தூரத்தில், யாரிடம் இருக்கிறது என்று தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.

காண்டாக்ட் லென்ஸ் அணியவே கூடாது. லென்சுக்கும் விழிக்கும் இடையில் இந்த மிளகாய் மருந்து தேங்கிவிட்டால் அதை எடுப்பதற்கும் அதே எரியும் விரல்களைத்தான் கண்ணுக்குள் விட வேண்டியிருக்கும். அன்று காலை முகச்சவரம் வேண்டாம். பிளேடு பட்ட தோலில் காந்தல் கூடுதலாக இருக்கும். முகத்தில் கிரீம், எண்ணெய், பிசுபிசுப்பான சன்ஸ்கிரீன் எதுவும் கூடாது, ஏனெனில் அவை கேப்சைசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

உடையில் ஒரு விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. தலைவழியாகக் கழற்றும் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கழுவி முடித்துக் கண் கொஞ்சம் தெளிந்த நேரத்தில், மார்புப் பகுதி முழுவதும் ஊறிப்போயிருந்த அந்தத் துணியை முகத்தின் மேலாக இழுத்துக் கழற்றினேன். எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. அகாடமி அனுமதித்தால் பொத்தான் வைத்த பழைய சட்டையை அணியுங்கள். இல்லையென்றால் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாம் என்ற முடிவோடு, வீணானாலும் கவலையில்லாத டி-ஷர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மாற்றுடை, இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகள், ஒரு கட்டுக் காகிதத் துண்டு, வண்டி இருக்கையின் மேல் விரிக்க ஒரு பழைய போர்வை ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அழைத்துப்போக ஒருவரை ஏற்பாடு செய்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஸ்ப்ரே பட்ட பிறகு

பொதுவாக ஒரு நொடிப்பொழுது, புருவத்துக்கு மேலே, ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டுவரை ஸ்ப்ரேயை அடிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்திருக்கச் சொல்வார்கள். பிறகு திறக்கச் சொல்வார்கள். திறந்ததும் உடனே ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். நெற்றியிலிருந்து திரவம் வழிந்து இமைக்குள் இறங்கச் சில நொடிகள் பிடிக்கும். "இவ்வளவுதானா" என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இரண்டு கண்களும் யாரோ கதவைச் சாத்தியதுபோல மூடிக்கொண்டன. நான் மூடவில்லை, அவையே மூடிக்கொண்டன. இமைத்தசை தானாக இறுகிக்கொள்ளும் இந்த நிலைதான் அன்றைய முதல் பாடம்.

இமையைப் பிரித்துப் பிடிக்கக் கை தன்னால் மேலே போகும். விடாதீர்கள். விரல்களில் இருப்பதும் அதே மருந்து. தேய்த்தால் அது இன்னும் உள்ளே போவதோடு விழியின் மேற்படலத்தைக் கீறிவிடவும் கூடும். கேப்சைசின் அந்தப் படலத்தின் உணர்ச்சியைத் தற்காலிகமாக மங்கச் செய்வதால், கீறியது அப்போது தெரியாமலே போகலாம். மாறாக, புருவத்தை உயர்த்தி, பார்வையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, வேகமாக இமைத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு இமைப்பிலும் கீற்றளவு பார்வை கிடைக்கும்; எதிரில் நிற்பவரின் கால் எங்கே, கை எங்கே என்று அறிய அந்தக் கீற்றே போதும். இமைப்பதால் கண்ணீர் பெருகும். அன்றைக்கு உங்கள் கண்ணைக் கழுவும் முதல் தண்ணீர் அதுதான். இதை முந்தைய நாள்களில் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள்ள முடியும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூச்சு அடுத்தது. தொண்டை அடைத்துக்கொள்வதாகத் தோன்றும், இருமல் வரும், மூக்கிலிருந்து சளி நூல்நூலாகத் தொங்கும். ஆழமாக இழுத்து மூச்சு வாங்க முயன்றால் காற்றில் மிதக்கும் துளிகளும் உள்ளே போய் இருமல் கூடும். சிறிது சிறிதாக இழுத்து, நீளமாக வெளியே விடுங்கள். வாயில் வழிவதைத் துப்புங்கள், விழுங்காதீர்கள். பயிற்றுநர்கள் உங்களைக் கத்திக்கொண்டே இருக்கச் சொல்வது மிரட்டுவதற்காக மட்டுமன்று: முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல முடிகிற ஒருவருக்கு மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிகிறது, அவருக்கே தெரிந்துவிடுகிறது. எனக்குப் பதற்றம் அடங்கியது என் குரலை நானே கேட்ட பிறகுதான்.

பிறகு அந்த நிலையிலேயே ஒவ்வொரு பயிற்சியாகச் செய்துகொண்டு போக வேண்டும். குத்துப் பையைக் கையாலும் முழங்காலாலும் தாக்குதல், பேட்டன் என்னும் தடியால் அடித்தல், போலீஸ் வயர்லெஸ்ஸில் தன் இருப்பிடத்தைச் சொல்லி உதவி கேட்டல், ஒருவருக்குக் கைவிலங்கு மாட்டுதல் என்று அகாடமிக்கு அகாடமி வரிசை மாறும். ஆனால் ஒன்றைப் பெரும்பாலும் விடமாட்டார்கள்: பின்னாலிருந்து ஒருவர் வந்து உங்கள் இடுப்பில் இருக்கும் பொம்மைத் துப்பாக்கியைப் பிடுங்கப் பார்ப்பார். இந்தப் பயிற்சிக்கு முதன்மையான காரணமே அதுதான். காற்று திரும்பினால் சக காவலர் அடிக்கும் மருந்து உங்கள் முகத்தில் விழும். அப்போது பார்வையிழந்து நிற்கும் உங்கள் இடுப்பில் இருப்பது உண்மையான துப்பாக்கி. எனவே எரிச்சல் தொடங்கியதும் முகத்துக்குப் போகத் துடிக்கும் கையைத் துப்பாக்கி உறைமேல் வைத்து அழுத்துங்கள், அந்தப் பக்கத்தை எதிராளியிடமிருந்து திருப்பிக்கொள்ளுங்கள். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் கண்ணைத் தேய்க்கும் ஆசையும் அடங்கும்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள்: பின்னாளில் நீதிமன்றத்தில் இதன் விளைவைப் பற்றிக் காவலர் தம் அனுபவத்திலிருந்து சாட்சி சொல்ல முடியும். என் பார்வையில் இந்த அனுபவம், ஸ்ப்ரேயை வாங்கிக்கொள்ளும் எதிர்ப்பக்கத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும். கலிபோர்னியாவின் ஹம்போல்ட் கவுண்டியில் 1997-இல், காடழிப்பை எதிர்த்துத் தம்மைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் கண்களில் போலீசார் இதே மருந்தைப் பஞ்சுக்குச்சியால் தடவினார்கள். அது அத்துமீறிய பலப்பிரயோகம் என்று 2005-இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது, இழப்பீடாகத் தலைக்கு ஒரு டாலர் மட்டும் கொடுத்தது. கைவிலங்கிட்டு உட்காரவைத்த ஒருவர் "கண்ணைக் கழுவ விடுங்கள்" என்று கேட்கும்போது அது நடிப்பா இல்லையா என்று எனக்கு இப்போது யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கு ஒருமுறை போதும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

கழுவும் முறை

ரப்பர் குழாய்க்கு ஓடுவதற்கு முன் காற்று வீசும் பக்கம் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். மின்விசிறி வைத்திருந்தால் அதன் முன்னால். நிழலாக இருக்கட்டும். தண்ணீர் குளிர்ந்ததாக, ஓடுகிற தண்ணீராக இருக்க வேண்டும். வாளியில் முகத்தை முக்கினால் முன்னால் முக்கியவரின் மருந்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். இடுப்பை வளைத்துத் தலையை நன்றாகக் குனிந்து, தண்ணீர் முகத்திலிருந்து நேரே தரையில் விழும்படி, மார்பில் வழியாதபடி நின்று, மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாகக் கண்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் இமைத்துக்கொண்டே கழுவுங்கள். கண் ஓரளவு திறந்த பிறகு நெற்றி, புருவம், தலைமுடி ஆகியவற்றைப் பாத்திரம் கழுவும் திரவத்தாலோ ஷாம்பூவாலோ கண்களை மூடிக்கொண்டு கழுவலாம். துடைக்கும்போது ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதிய காகிதத் துண்டு.

அந்த வைத்தியங்களைப் பற்றி: அமில நீக்கி, லிடோகெய்ன் களிம்பு, குழந்தைகள் ஷாம்பு, பால், தண்ணீர் ஆகிய ஐந்தையும் தன்னார்வலர்களிடம் ஒப்பிட்டு 2008-இல் வெளிவந்த ஆய்வில் ஐந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; வலியைக் குறைத்தது கடந்துபோன நேரம்தான். குழந்தைகள் ஷாம்பூவைத் தண்ணீரோடு ஒப்பிட்ட 2018 ஆய்விலும் அதே முடிவு. பால் கிருமி நீக்கப்பட்ட கண்மருந்து அன்று என்பதால் அதைக் கண்ணில் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிளகாய் அரிந்த கைக்கு நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவிச் சோப்புப் போட்டுக் கழுவுவது வேதியியல்படி சரியானதுதான். அதை முகத்தில் செய்யத் துணிந்தால் கரைந்த காரம் எண்ணெயோடு கண்ணுக்குள் ஓடும். வேண்டாம்.

நேரம் ஆக ஆக மூச்சுத் திணறல் குறையாமல் கூடுகிறது, இழுப்புச் சத்தம் கேட்கிறது, இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை, மார்பு வலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் அது பயிற்சியின் பகுதி அன்று. உடனே மருத்துவ உதவியாளரைக் கூப்பிட வேண்டும். உங்களுக்கு நேர்ந்தாலும், பக்கத்தில் இருப்பவருக்கு நேர்ந்தாலும்.

வீட்டில்

அன்று இரவுக் குளியலில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். எரிச்சல் அடங்கிவிட்டது என்ற நிம்மதியில் ஷவரின் கீழ் நிற்கும்போது தலைமுடியில் தங்கியிருந்த காரம் சுடுதண்ணீரோடு இறங்கி முகத்துக்கும், முதுகுக்கும், பகலில் தப்பித்த உடலின் கீழ்ப்பகுதிக்கும் போய்ச் சேரும். தலையைத் தனியாக, வாஷ்பேசினிலோ தோட்டக் குழாயிலோ குனிந்து நின்று இரண்டு முறை ஷாம்பு போட்டு அலசிய பின்னரே, குளிர்ந்த நீரில் உடம்புக்குக் குளியுங்கள். கழிவறைக்குப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; போய்வந்த பின் கழுவுவது மட்டும் அன்று போதாது.

உடைகளைப் பையிலிட்டுக் கட்டி, குடும்பத்தாருடையதோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்குவது குளித்து, உடை மாற்றிய பிறகு. கைப்பேசி, வண்டிச் சாவி, ஸ்டீயரிங், கைக்கடிகாரப் பட்டை ஆகியவற்றைச் சோப்பு நீர் தொட்ட துணியால் துடையுங்கள். தலையணை உறையை மறுநாள் காலையில் மாற்றுங்கள். மறுநாளும் கண் கூசினாலோ, மணல் விழுந்ததுபோல உறுத்தினாலோ, பார்வை மங்கலாக இருந்தாலோ கண் மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை லென்ஸ் போடக் கூடாது.

இடுப்பு பெல்ட்டை நான் மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு மழைநாள் ஓட்டப் பயிற்சியில் அது நனைந்தது. அதைச் சரிசெய்த கையால் முகத்தைத் துடைத்தேன். இடது கண் உடனே மூடிக்கொண்டது. மற்றவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டபோது நான் புருவத்தை உயர்த்தி, தரையைப் பார்த்து, இமைத்துக்கொண்டிருந்தேன்.