சூட்டோடு காற்றை இறக்காதீர்கள்: ஸ்போர்ட்ஸ் கார் டயரில் நாம் விடுகிற பிழைகள்

ஹபரணையில் இருந்து கந்தளாய் வழியாக வந்து, மதியம் ஒரு மணி வெயிலில் திருகோணமலை டவுனில் ஒரு டயர் கடையில் காரை நிறுத்தினேன். கடைத் தம்பி காற்றழுத்தம் அளக்கிற கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, 37 நிக்குது, கூடிப்போச்சு, 32க்கு இறக்கி விடவா?" என்றான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரும் 32 என்றுதானே சொல்கிறது, நானும் தலையாட்டினேன். மறுநாள் விடியப் பார்த்தால் நாலு டயரும் 27, 28 என்று படுத்திருந்தன.

கார் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8. பிழை தம்பியுடையது மட்டுமில்லை, என்னுடையதும்தான். ஸ்டிக்கரில் இருக்கிற எண் ஆறிய டயருக்கான எண், கணக்கு பிஎஸ்ஐ என்கிற காற்றழுத்த அலகில். ஆறியது என்றால் குறைந்தது மூன்று மணித்தியாலம் ஓடாமல் நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். விடிய 30 பாகை சூட்டில் 32 பிஎஸ்ஐ இருக்கிற டயர், ஓடி ஓடி உள்ளே 60 பாகைக்கு ஏறினால் 36, 37 காட்டத்தான் செய்யும். டயரைச் செய்தவர்களும் காரைச் செய்தவர்களும் அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துத்தான் 32 என்று எழுதியிருக்கிறார்கள். சூட்டோடு இறக்கினால் நீங்கள் எடுப்பது கூடிப்போன காற்றை அல்ல, டயருக்குத் தேவையான காற்றை. அப்படிக் குறைந்த டயர் பக்கவாட்டில் கூடுதலாக மடங்கும், மடங்க மடங்க இன்னும் சூடேறும், வெடிக்கிற டயர்களில் பாதிக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வழியில் பார்த்தே ஆகவேண்டும், ஒரு டயர் மட்டும் குறைந்த மாதிரி இருக்கிறது என்றால், சூட்டில் மற்ற டயர்கள் காட்டுகிற அளவுக்கு அதையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். விடிந்ததும் ஆறுதலாகச் சரி பார்க்கலாம். வெயிலுக்கும் இதே கதைதான். உட்துறைமுக வீதியில் ஒரு பக்கம் வெயிலிலும் மறு பக்கம் மர நிழலிலும் நிறுத்தி வைத்துவிட்டு அளந்தால் இரண்டு பக்கமும் இரண்டு எண் சொல்லும். அதைப் பார்த்து வெயில் பக்கத்தைக் குறைக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

கண்ணால் பார்த்துச் சொல்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வானுக்கோ ஓட்டோவுக்கோ அது ஓரளவு சரி வரும். என் டயரின் அளவு 225/45 ஆர்18, பக்கச் சுவர் வெறும் பத்து சென்டிமீட்டர், அதுவும் விறைப்பானது. 24க்கு இறங்கினாலும் 32 மாதிரியே நிற்கும், காலால் உதைத்தாலும் ஒன்றும் தெரியாது. தெரிவது ஸ்டியரிங்கில்தான்: வளைவில் கொஞ்சம் பிந்தித் திரும்புகிற மாதிரி, நெளிகிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு பள்ளம் வந்தால் ரிம் வளையும். ரிம்மின் விலையோடு பார்த்தால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குவது ஒன்றுமே இல்லை. பெற்றோல் செட்டில் ஒரு கேஜ், டயர் கடையில் இன்னொரு கேஜ் என்று மாறி மாறி அளந்தால் குறைந்தது டயரா கேஜா என்று குழம்பிப் போவீர்கள். எப்போதும் ஒரே கேஜில் பாருங்கள். ஓட்டை இல்லாத நல்ல டயரே மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும்.

எண்ணை எங்கே படிப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கிற 44, 51 எல்லாம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம், உங்கள் காருக்கான அளவு அல்ல. அந்த அளவுக்கு அடித்தால் நடுப்பகுதி மட்டும் றோட்டில் பட்டு அதுவே முதலில் தேயும், மார்கழி மழையில் பிரேக் அடிக்கும்போது பிடிமானமும் குறையும். ஜப்பானில் இருந்து வந்த கார்களில் ஸ்டிக்கர் கிலோபாஸ்கலில் இருக்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 180 என்றால் 26. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு 26தான் கணக்கு, பாரம் குறைந்த கார். "எல்லாக் காருக்கும் 32 அண்ணா" என்று அதற்கும் 32 அடித்தால் கல்லில் ஓடுகிற மாட்டு வண்டி மாதிரித் துள்ளும். போர்ஷே 911 மாதிரி எஞ்சின் பின்னால் இருக்கிற காரில் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும், நாலுக்கும் ஒரே அளவு அடிக்க விட்டுவிட்டு நிற்கக் கூடாது. வெளிநாட்டு ரேஸ் ட்ராக்கில் ஓடுகிறவர்கள் குறைத்து வைக்கச் சொல்வார்கள், அவர்களுடைய டயர் இரண்டு சுற்றில் கொதிக்கும், நீங்கள் போவது நிலாவெளிக் கடற்கரைக்கு.

நிலாவெளி என்றதும் மணல் ஞாபகம் வருகிறது. மணலில் இறுகினால் காற்றை இறக்கு என்பது ஜீப்காரர் யோசனை. பக்கச் சுவர் குட்டையான நம் டயரில் 18க்கு இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை வெட்டினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். தப்பி வெளியே வந்தாலும் டவுனுக்குப் பதினைந்து கிலோமீட்டர் தார் றோட்டு, அதே காற்றில் ஓடினால் பக்கச் சுவர் வெந்துவிடும். மணலுக்குள் காரை இறக்காதீர்கள், அவ்வளவுதான்.

டாஷ்போர்டில் டயர் காற்றுக்கான மஞ்சள் லைட் எரியும்வரை பார்த்திருப்பதும் பிழை. பெரும்பாலும் அது கால்வாசி குறைந்த பிறகுதான் எரியும், 32க்கு அது 24. ஜப்பான் கார்களில் பலவற்றில் அந்த லைட்டே கிடையாது. நைட்ரஜன் அடித்தால் பார்க்கவே தேவையில்லை என்பார்கள். நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதுவும் சூட்டுக்கு இதே அளவு விரியும்.

கடைசியாக வால்வு மூடி. எங்களுடைய உப்புக் காற்றுக்கு அலுமினிய அலங்கார மூடி சரிவராது. பித்தளை வால்வோடு அது அரித்து ஒட்டிக்கொள்ளும், குறட்டால் முறுக்கினால் வால்வும் சேர்ந்து கையோடு வரும், எனக்கு ஒன்று வந்தது. கறுப்பு பிளாஸ்டிக் மூடி நாலு வாங்கிப் போடுங்கள்.