டிரேடிங் கம்பெனியில் பணம் போடும் முன் சரிபார்ப்பது எப்படி?

வாட்ஸ்அப் குழுவில் டிரேடிங் ஆப் லிங்க் வரும். கூடவே செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) சான்றிதழின் படமும் வரும். அந்தப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். உண்மையான புரோக்கரின் பெயரையும் பதிவு எண்ணையும் மோசடிக்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

1. பதிவு எண்

புரோக்கரின் எண் ஐ.என்.இசட் என்று தொடங்கும். பின்னால் 9 இலக்கங்கள். ஐ.என்.ஏ என்றால் முதலீட்டு ஆலோசகர், ஐ.என்.எச் என்றால் பங்கு ஆய்வாளர். இவர்கள் இருவரும் கட்டணம் வாங்கலாம். உங்கள் முதலீட்டுப் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது. செபி தளத்தின் பட்டியலில் எண்ணைத் தேடி, அங்குள்ள தொலைபேசிக்கே அழைத்து, "இந்த ஆப் உங்களுடையதா?" என்று கேளுங்கள். லிங்க் அனுப்பியவர் தந்த எண்ணுக்கு அழைத்துப் பயனில்லை.

2. உரிமையாளர்கள்

கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால் 21 எழுத்து கொண்ட அடையாள எண்ணும் இயக்குநர்கள் பெயரும் கிடைக்கும். அந்த எண்ணில் 9 முதல் 12 வரையுள்ள இலக்கங்கள் பதிவான ஆண்டு. "இருபது வருட அனுபவம்" என்பவரின் கம்பெனி போன வருடம் பிறந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இயக்குநர்களின் பெயரை செபி உத்தரவுகள் பக்கத்திலும் தேடுங்கள். தடை வாங்கியவர் புதுப் பெயர்ப்பலகையோடு வருவதுண்டு.

3. பணம் போகும் இடம்

மிக முக்கியமான படி இதுதான். சம்பந்தமில்லாத டிரேடர்ஸ், எண்டர்பிரைசஸ் பெயரில் உள்ள கணக்கோ தனிநபர் கணக்கோ தந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். 2025 அக்டோபர் முதல் பதிவுபெற்ற புரோக்கர்களுக்கு 'வேலிட்' என்ற சொல் வரும் தனி யூபிஐ முகவரி உண்டு. பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி தெரியும். வங்கிக் கணக்கு எண்ணை 'செபி செக்' வசதியில் சரிபார்க்கலாம்.

4. ஒரே ஒரு பங்கு

குறைந்த விலைப் பங்கு ஒன்றை வாங்குங்கள். மறு வேலை நாளில் அது உங்கள் டீமேட்டில் (பங்குகளை வைக்கும் மின்னணுக் கணக்கு) இருக்க வேண்டும். புரோக்கரின் ஆப்பில் பார்க்காமல், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரிகளான சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் தளத்தில் நேரடியாகப் பாருங்கள். போலி ஆப்பில் லாபம் திரையில் மட்டும் ஏறும். முதல் முறை இரண்டாயிரம் ரூபாய் திரும்பி வந்ததை வைத்து நம்பிவிடாதீர்கள். அது தூண்டில் இரை. பெரிய தொகை எடுக்கப் போகும்போது "முதலில் வரி கட்டு" என்பார்கள். எந்த புரோக்கரும் பணம் தர வரியை முன்கூட்டிக் கேட்பதில்லை. பங்கு லாபத்துக்கான வரியை நீங்களே வருமான வரித் துறைக்குக் கட்டுகிறீர்கள்.

பதிவு இருந்தாலும் கண்காணிப்பை விடக் கூடாது. வாடிக்கையாளர் பங்குகளை அடமானம் வைத்த கார்வி நிறுவனத்தின் மீது செபி 2019 நவம்பரில் நடவடிக்கை எடுத்தது. அதுவும் பதிவுபெற்ற புரோக்கர்தான். டெபாசிட்டரி அனுப்பும் கணக்கு அறிக்கையில் பங்கு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

ஃபாரெக்ஸ் (வெளிநாட்டு நாணய வர்த்தகம்) ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாததே அனுமதி ஆகிவிடாது.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு எண், நேரம் மூன்றையும் கையில் வைத்திருங்கள். தாமதமானால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.