பல்கலைக்கழக நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா சேர்த்து வைத்த புத்தகங்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மகனும் மகளும் முடிவு செய்து, "சார், நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் பாதிப் புத்தகங்கள் பைண்டிங் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தன. சிவப்புக் காலிகோ துணி அட்டை, முதுகில் தங்க எழுத்து. அப்பாவுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மகள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 20 வருடங்களுக்கு முன் இதே காரியத்தை நானும் செய்தவன்.

கரையான் அரித்ததைக் கொடுக்காதீர்கள், பழைய பாடநூல்களையும் கைடுகளையும் கட்டிக் கொண்டுபோகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழகுபடுத்திக் கொடுப்பது

என் தாய்மாமா தமிழாசிரியர். படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். பக்க ஓரத்தில் பாடவேறுபாடு, அதாவது ஒரே வரி ஏட்டுக்கு ஏடு மாறி வருவதைக் குறிப்பார், யாரிடம் எந்த விளக்கம் கேட்டார் என்று எழுதி, தேதியும் போடுவார். புத்தகத்துக்குள் அஞ்சலட்டை, கோயில் விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கூட்ட அழைப்பிதழ் என்று எதையாவது அடையாளத்துக்கு வைத்திருப்பார். அவர் காலமான பிறகு புத்தகங்களை நூலகத்துக்கு அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. உள்ளே இருந்த தாள்களை எல்லாம் உதறி, இரண்டு சாக்கு நிறையப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அப்புறம் அறுபது எழுபது புத்தகங்களை பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.

பைண்டர் என்ன செய்வார்? நைந்த காகித அட்டையைக் கிழித்து எடுப்பார். தைத்து ஒட்டியபின் ஓரம் நேராக வருவதற்காகக் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டுவார். அது அவர் தொழில், அவர் மேல் தவறில்லை. ஆனால் மாமாவின் எழுத்து இருந்தது அந்த ஓரத்தில்தான். இரண்டு வருடம் கழித்து ஓர் ஆய்வு மாணவர் அந்த நூல்களைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார். "ஏட்டில் இவ்விடத்துப் பாடம்" என்று ஒரு குறிப்பு தொடங்குகிறது, அதோடு தாள் முடிந்துவிடுகிறது. என்ன பாடம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த நூலின் வேறு பிரதி பல நூலகங்களில் இருக்கும். அந்தக் குறிப்பு அந்த ஒரு பிரதியில் மட்டும்தான் இருந்தது.

அட்டையும் அப்படித்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களின் பின்னட்டையில் பதிப்பாளர் தம்முடைய மற்ற நூல்களின் விலைப்பட்டியலையும் அவை கிடைக்கும் இடங்களையும் அச்சிட்டிருப்பார். அந்தப் பட்டியலில் உள்ள சில நூல்களுக்கு இன்று பிரதியே அகப்படாது. அப்படி ஒரு நூல் வந்தது என்பதற்கு அந்த அட்டை ஒன்றே சான்றாக இருக்கலாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியும் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக 1994இல் அமைந்தது. நாம் குப்பை என்று உதறும் தாளை அவர் உதறியிருந்தால், தமிழ் நாடக வரலாற்றை எழுத உட்காருகிறவருக்குக் கையில் என்ன இருந்திருக்கும்?

அதனால் இவ்வளவு செய்தால் போதும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். உள்ளே இருக்கும் தாள் இருந்த பக்கத்திலேயே இருக்கட்டும். அலமாரியைக் கலைக்கும் முன் ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுங்கள். எதன் பக்கத்தில் எதை வைத்திருந்தார் என்பதும் அவரைப் பற்றிய செய்திதான். கழன்ற அட்டையைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் நாளடைவில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பைண்டிங் வேண்டுமா வேண்டாமா என்பதை நூலகம் முடிவு செய்யட்டும்.

அந்த வீட்டில் மீதிப் பாதியாவது தப்பியது.

செல்லோடேப்

ஒட்டவே ஒட்டாதீர்கள்.

பாச்சை உருண்டை

பெட்டிக்குள் போடாதீர்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நூலகத்தார் அந்தப் பெட்டியைத் தனியே வைத்துப் பார்ப்பார்கள்.

வாய்ப்பேச்சோடு விடுவது

துணைவேந்தர் தெரிந்தவர், நூலகர் நண்பர் என்று நம்பி லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் ஓய்வு பெற்றதும் பேச்சும் போய்விடும். முதலில் பட்டியலை அனுப்புங்கள். என்னென்ன எடுத்துக்கொள்வார்கள், ஏற்கெனவே பிரதி இருப்பதைத் திருப்பித் தருவார்களா வேறு நூலகத்துக்குக் கொடுப்பார்களா என்பதைக் கடிதத்தில் வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் அப்பா பெயரில் தனி அறை கேட்கிறார்கள். இடம் இல்லாத நூலகத்தில் அந்த நிபந்தனையாலேயே பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஒவ்வொரு நூலிலும் கொடுத்தவர் பெயர்ச்சீட்டு, நூற்பட்டியலில் அதே பெயர், இந்த இரண்டையும் கேளுங்கள். அப்பா பெயரில் தேடினால் மொத்தச் சேகரிப்பும் வந்து நிற்க வேண்டும். அறையைவிட அது நீடிக்கும்.

கடிதங்களைக் கொடுத்துவிட்டால் உரிமையும் போய்விடும் என்று நினைப்பது

எழுத்தாளர் ஒருவர் உங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் தாள் உங்களுடையது, பதிப்புரிமை எழுதியவருடையது. கடிதத்தை நூலகத்துக்குக் கொடுக்கலாம், அச்சிடும் அனுமதியை நீங்கள் கொடுக்க முடியாது. உங்கள் அப்பாவே எழுதிய கையெழுத்துப்படி என்றால் உரிமை வாரிசுகளிடம் இருக்கும். ஸ்கேன் செய்யலாம், இணையத்தில் ஏற்றலாம் என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நூலகம் தயங்கும், பெட்டி பூட்டியே இருக்கும்.

பணத்தை அலமாரிக்கு மட்டும் கொடுப்பது

கண்ணாடி அலமாரி வாங்கித் தந்து பெயர் எழுதுகிறார்கள். ஆனால் 3,000 புத்தகம் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்து, பதிவேட்டில் ஏற்றி, பகுத்து, பட்டியலில் சேர்க்க ஆள் வேண்டும். அதற்கு யாரும் பணம் தருவதில்லை. சேகரிப்போடு அந்த வேலைக்கும் ஒரு தொகை கொடுங்கள், எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், பின்னாளில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து, நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கைக்கென்றே கொடுத்தார்.

வரிச்சலுகையையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை பணத்துக்குத்தான், புத்தகமாகக் கொடுத்தால் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள், ரசீதை அன்றே வாங்கிவிடுங்கள்.