திருநெல்வேலி–தென்காசி சாலையின் பழைய தடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

மாநில நெடுஞ்சாலை 39 திருநெல்வேலியில் கிளம்பி பேட்டை, அபிஷேகப்பட்டி, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி போய்ச் செங்கோட்டையைத் தொடுகிறது. நான்கு வழியாக அகலப்படுத்தியதில் பழைய அடையாளங்கள் பலவும் போய்விட்டன. மிச்சம் இருப்பதை எப்படித் தேடுவது என்று பார்ப்போம்.

முதலில் வரைபடம். தெற்கே தாமிரபரணி, வடக்கே சிற்றாறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள மேட்டு நிலத்தில் சாலை ஓடுகிறது. ரயிலோ சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் என்று சுற்றி வந்து பாவூர்சத்திரத்தில்தான் சாலையை நெருங்குகிறது. ஐப்பசி மழையில் பாரவண்டி நஞ்சைக்காட்டில் இறங்கினால் அச்சு வரை புதையும். மேட்டில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் இந்த வழியில் பெரிய ஆற்றுப் பாலங்களைத் தேட வேண்டாம். சின்னப் பாலங்களும் குளத்தங்கரைகளும்தான் சரக்கு.

பைக்கின் ட்ரிப் மீட்டரை ஒரு கிலோமீட்டர் கல்லில் பூஜ்யமாக்கி, ஐந்து கல் தாண்டியதும் பாருங்கள். 5.2 காட்டினால் இனி வரும் எல்லா அளவையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். கல்லின் தலை பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. தென்காசி–செங்கோட்டை வட்டாரத்தில் திருமங்கலம்–கொல்லம் சாலை (தேசிய நெடுஞ்சாலை 744) வந்து கலப்பதால் அங்கே மஞ்சளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பெரிய கல் இருக்கும். இடையில் 2, 4, 6, 8 என்று எண் மட்டும் போட்ட குட்டிக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று. இங்கேதான் ஏமாறுவார்கள்: பழைய பர்லாங் 201 மீட்டர், அதாவது இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான். மைலுக்கு எட்டு பர்லாங் என்பதால், கல்லில் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண் கண்டால் அது மைல் காலத்துக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாலக் கைப்பிடிச் சுவரில் 23/2 என்பதுபோல் எழுதியிருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தப் பாலத்தின் வரிசை எண். சாலையை மறுபடி அளந்த இடங்களில் பாலத்தின் எண்ணும் பக்கத்துக் கல்லின் எண்ணும் ஒத்துப்போகாது. அப்படி ஒரு முரண் தெரிந்தால் விடாதீர்கள், அது பழைய கணக்கின் எச்சமாக இருக்கலாம். பிறகு தண்ணீர் இல்லாத மாதத்தில், கம்பால் புதரைத் தட்டிவிட்டு, பாலத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேலே ஒரே கான்கிரீட்டாகத் தெரிவது அடியில் மூன்று துண்டாக இருக்கும்: நடுவில் சுண்ணாம்புச் சாந்து வைத்த கல் வளைவோ கல் பலகையோ, இரண்டு ஓரத்திலும் பிற்காலக் கான்கிரீட். நடுத்துண்டின் அகலத்தை டேப்பால் அளந்தால் ஒரு காலத்துச் சாலையின் அகலம் கையில் வந்துவிடும். சுவரில் ஆண்டு பொறித்திருந்து படிக்க முடியாவிட்டால் தண்ணீர் தெளித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸோ மணலோ தேய்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும்.

சாலை நேராக வந்து திடீரென்று வளைகிறதா? பக்கத்தில் குளம் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவை நிமிர்த்திய இடங்களில் பிறைத் துண்டு போலப் பழைய ரோடு கிடக்கும். இரண்டு பக்கமும் புளியமரம் நிற்க, நெல்லோ உளுந்தோ காயும். இன்றைய தார் ரோட்டுக்குச் சம்பந்தமில்லாமல் வரிசையாக நிற்கும் புளியமரங்களை நம்பலாம். குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர்) குறுக்கே பாயும் இடங்கள்தான் மழையில் முதலில் அரிக்கும். அதனால் அங்கே பாலம் பலமுறை மாறியிருக்கும், பழசைத் தேடிப் பயனில்லை.

அதற்கும் முந்தைய நடைபாதைக்குச் சாட்சி சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள், தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் இறக்கும் உயரத்தில். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். சாலையை விட்டு விலகி வயலுக்குள் ஒன்று நின்றால், நடைபாதை அந்தப் பக்கம் போயிருக்கலாம். பாவூர்சத்திரம் என்ற பெயரே தங்கல் இருந்ததைச் சொல்கிறது. ஆனால் ஊரில் எந்தப் பழைய சாலையைக் கேட்டாலும் ‘மங்கம்மா சாலை’ என்பார்கள். மதுரை நாயக்க ராணி மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. கல்வெட்டோ ஆவணமோ இல்லாமல் அதை எழுதிவிட வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். கிராம வரைபடத்தில் நீளமாக, ஒல்லியாக ஓடும் பாதைப் புறம்போக்கைப் பிடித்து, அதன் புல எண்ணை அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) ஒத்துப் பாருங்கள். சாலை நகர்ந்த பிறகும் நிலம் பல இடங்களில் புறம்போக்காகவே இருக்கும். நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், பதிலுக்கு 30 நாள் கெடு. ‘சாலையின் வரலாறு தருக’ என்று கேட்டால் ‘தகவல் இல்லை’ என்றுதான் வரும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, எந்தப் பாலம், கட்டிய ஆண்டு, அகலப்படுத்திய ஆண்டு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அதற்கு முந்தைய தாள்களைத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அல்ல.